நூற்றுப் பதினாறு மீட்டர்

மகனே,

உன் நிக்காஹ் முடிந்து டொரொண்டோவில் வைக்கப்போகும் வரவேற்பில், மாப்பிள்ளையின் தகப்பன் எழுந்து நாலு வார்த்தை பேசுவது அங்கே வழக்கமாம். உன் மாமனார் ஆசையாகக் கேட்டாராம். நீ, "வாப்பா பேச மாட்டாங்க, அவங்களுக்குப் பழக்கமில்லை" என்று முடித்துவிட்டாயாம். உம்மா இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் டீயைக் குடித்து முடித்தேன். நீ சொன்னதில் என்ன தப்பு? பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டவனை, அதைவிட மோசமாக, வாயைத் திறந்து பொய் சொன்னவனை, உன் புது உறவுகளுக்கு முன்னால் நிறுத்த உனக்கு எப்படி மனம் வரும்?

இங்கே துபாயில் இருக்கும் நம்மூர்ச் சங்கத்துக்காரர்கள் ஆண்டு மலருக்கு என்னிடம் எழுத்து கேட்டிருக்கிறார்கள். "முப்பது வருஷம் துபாயில இருந்திருக்கீங்க காக்கா, புள்ளையைக் கனடா வரைக்கும் ஆளாக்கிட்டீங்க, அந்த அனுபவத்தை எழுதுங்க" என்றார்கள். அதைத்தான் எழுதுகிறேன். உன் பெயரும் என் பெயரும் இதில் இல்லை. படிக்கிற தகப்பன்மார்கள் அந்த இடத்தில் அவரவர் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் வாயால் நீ ஒருநாளும் கேட்டதில்லை. நான் இங்கே பிளம்பராக வந்தவன். ஊருக்கு வெளியே, மணல் தொடங்கும் இடத்தில் இருந்த ஒரு விளையாட்டுக் கிளப்பில் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பிறகு மைதானமே என் பொறுப்பில் வந்தது. ஆனால் சம்பளமும் விசாவும் பிளம்பருக்கு உரியவையாகவே இருந்தன, அதை வைத்துக் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. கிளப்பின் மேனேஜர் சென்னைக்காரர், ராஜசேகர். அவர்தான் என் விசாவில் சூப்பர்வைசர் என்று போட வைத்தார். அந்த ஒரு சொல்லால்தான் நீயும் உம்மாவும் விமானம் ஏறினீர்கள். உனக்கு அப்போது ஏழு வயது. சத்வாவில் ஒரு பழைய வில்லாவைப் பலகையால் தடுத்துப் பிரித்த அறைகளில் ஒன்று நமக்கு. உம்மா கீழே இருந்த தையல் கடைக்கு அபாயா என்கிற கறுப்பு அங்கிகளில் மணி தைத்துக் கொடுப்பாள். அந்த அறையை நான் சொர்க்கம் என்றே நினைத்தேன். அதை இழந்துவிடக் கூடாது என்ற பயமும் அன்றே எனக்குள் குடிவந்துவிட்டது. வாடகை கொடுக்காமல் இருந்த ஒரே குடித்தனக்காரன் அந்தப் பயம்தான்.

அந்த மைதானத்தில் விளையாடியது பேஸ்பால். கிரிக்கெட் மட்டும் தெரிந்த நம் ஆட்கள் அதைக் கேலி செய்வார்கள். உருண்டைக் கட்டையால் பந்தை அடிக்க வேண்டும். வேலியைத் தாண்டி அடித்தால் கூட்டம் எழுந்து நிற்கும். அமெரிக்கக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளோடு வந்து நிழலில் நாற்காலி போட்டு உட்காரும். நான் செம்மண்ணைப் பரம்படித்து, வெள்ளைக் கோடு இழுத்து, வேலிக்கு வெளியே மணலில் விழுந்த பந்துகளைப் பொறுக்கி வருவேன். பள்ளி விடுமுறை நாட்களில் நீயும் என்னோடு வருவாய். வேலிக்கு வெளியே நின்று, ஒடிந்துபோன ஒரு கட்டையால் அந்தப் பந்துகளைத் திரும்ப உள்ளே அடிப்பாய். உனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நானும் கற்றுக்கொடுக்கவில்லை, எனக்கு என்ன தெரியும்?

ஒருநாள், பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்த அந்தக் கோச் அதைப் பார்த்துவிட்டார். உயரமான கிழவர், எப்போதும் பாக்கு மெல்லுவதுபோல் ஏதோ விதையை மென்றுகொண்டே இருப்பார். வேலியருகே வந்து, "இந்தப் பையன் யாருடையவன்?" என்று கேட்டார். நீ அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாய். டூட்டி நேரத்தில் வீட்டு ஆட்களைக் கூட்டிவரக் கூடாது என்று கிளப்பில் விதி இருந்தது. அது மட்டும் காரணமில்லை. என் காலில் சேறு அப்பிய பூட்ஸ், கையில் பரம்புக் கட்டை. நான் சொன்னேன்: "ஸ்டாஃப் பையன், சார்." என் மகன் என்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் உன்னிடம், "கிரவுண்டுல என்னை வாப்பான்னு கூப்பிடாத. எல்லாரும் கூப்பிடுற மாதிரி பாய்னு கூப்பிடு" என்றேன். "ஏன்?" என்று நீ கேட்டாய். "உன் நல்லதுக்குத்தான்" என்றேன். பிள்ளைகளிடம் பெரியவர்கள் சொல்லும் பொய்களில் இதைப்போல் வசதியானது வேறு இல்லை. அதன்பிறகு ஐந்து வருஷம் அந்த மைதானத்தில் நீ என்னைப் பாய் என்றுதான் கூப்பிட்டாய். கோச் உன்னை அணியில் சேர்த்துக்கொண்டபோது படிவத்தில் உம்மா கையெழுத்துப் போட்டாள். கோச்சுக்கு நான் உன் தகப்பன் என்றே தெரியாது.

நீ அடித்த பந்துகளைப் பற்றி எனக்கு உன்னைவிட அதிகம் தெரியும். எடுக்கப் போனவன் நான் அல்லவா. ஜனவரிக் காலைப் பனியில் பந்து கனத்துப்போய்ச் சீக்கிரம் விழும். ஏப்ரல் வெயிலில் அதே அடிக்கு ஏழெட்டு மீட்டர் கூடப் போகும். வடமேற்கிலிருந்து மணற்காற்று வீசினால் கணக்கெல்லாம் போச்சு. ஒருமுறை கோச்சிடம், "ஒரு மனிதனால் இதை எவ்வளவு தூரம் அடிக்க முடியும்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நன்றாக அடித்தால் நூற்றைம்பது மீட்டர் பக்கம் போகலாம். அதற்கு மேல் கேள்விப்படுவதெல்லாம் கதை. எங்கள் ஊரில் ஒவ்வொருவனும் தன் அப்பா அடித்த பந்தைப் பத்து மீட்டர் நீட்டித்தான் சொல்வான்" என்றார். உலகத்தில் எல்லாரும் நீட்டிச் சொல்கிற ஒன்றைக் குறைத்துச் சொன்னவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உனக்குப் பதினாறு வயது. வளைகுடாப் பிள்ளைகளைச் சேர்த்து ஓர் அணியை ஐரோப்பாவுக்கு அனுப்ப இருந்தார்கள். ஓர் இடம் மிச்சம். அதற்கு நீயும் ராஜசேகரின் மகன் நிகிலும். எல்லாவற்றிலும் இருவரும் சமம் என்று கோச் சொன்னார். கடைசி வெள்ளிக்கிழமை ஆளுக்குப் பத்துப் பந்து, யாருடைய பந்து அதிக தூரம் போகிறதோ அவனுக்கு அந்த இடம் என்றார். வேலி தொண்ணூற்றைந்து மீட்டரில் இருந்தது. பச்சைத் துணி கட்டிய வேலி, உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே என்ன நடக்கிறதென்று தெரியாது. வெளியே நின்று, பந்து விழுந்த இடத்தை வேலியிலிருந்து அளந்து, வயர்லெஸ்ஸில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். "பாய் அளக்கட்டும். இந்த இடத்தில் எல்லாரையும்விட நேர்மையான ஆள் அவர்தான்" என்றார் கோச். வேண்டாம் சார், அவன் என் மகன் என்று அந்த நொடியே சொல்லியிருக்கலாம். எனக்குள் பெருமைதான் பொங்கியது. டேப்பை வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ராஜசேகர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஏசியைக் கூட்டி வைத்து, டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"விசா ரினியூவல் வந்திருக்கு பாய். பார்த்தீங்களா?"

"இல்ல சார்."

"ஹெட் ஆபீஸ்ல ஒரு கேள்வி. கிரவுண்டுல வேலை பார்க்கிறவருக்கு எதுக்கு சூப்பர்வைசர் டெசிக்னேஷன்னு கேக்கறாங்க. நான் பேசிக்கறேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

"ரொம்ப நன்றி சார்."

கதவு வரை போனவனை அவர் நிறுத்தினார். "நாளைக்கு அளக்கப் போறது நீங்கதானாமே? நல்லது. நிகில் ரெண்டு மாசமாச் சரியாத் தூங்கலை, இதே நினைப்பு."

இவ்வளவுதான் அவர் பேசியது. அவர் என்னை மிரட்டினார் என்று நான் எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது. உண்மையிலேயே மிரட்டினாரா என்பதும் எனக்கு இன்றுவரை தெரியாது. மகனை நினைத்துக் கவலைப்பட்ட ஒரு தகப்பன் பேசிய பேச்சாகவும் அது இருந்திருக்கலாம். மிச்சத்தையெல்லாம் நானே சொல்லிக்கொண்டேன். சூப்பர்வைசர் என்ற சொல் போனால் உம்மாவும் நீயும் ஊருக்குப் போக வேண்டும், பத்தாம் வகுப்பு நடுவில் உன் படிப்பு போகும், நான் எட்டுப் பேர் படுக்கும் கேம்ப் அறைக்குத் திரும்ப வேண்டும். இதையெல்லாம் யாரிடமும் கேட்காமல், உம்மாவிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல், நானே வழக்காடி நானே தீர்ப்பெழுதினேன்.

வெள்ளிக்கிழமை நிகில் முதலில் அடித்தான். அவனுடைய நல்ல அடி நூற்றெட்டு. சரியாக அளந்து சரியாகச் சொன்னேன். அடுத்து நீ. முதல் ஐந்தும் வேலிக்குள்ளேயே விழுந்தன. ஆறாவது பந்தின் சத்தமே வேறாக இருந்தது. துணிக்கு மேலே அது ஏறி வந்தபோது நான் பின்னால் நடக்கத் தொடங்கி, பிறகு ஓடினேன். அது என்னையும் தாண்டிப் போய், நானே மணலில் புதைத்து வைத்த குழாய் வால்வின் பிளாஸ்டிக் மூடி மேல் விழுந்தது. மூடி இரண்டாக உடைந்தது. டேப் வைக்காமலே எனக்குத் தூரம் தெரியும், அந்தக் குழாயைப் பதித்தவன் நான். இருந்தாலும் வைத்துப் பார்த்தேன். வேலியிலிருந்து இருபத்தொரு மீட்டர். மொத்தம் நூற்றுப் பதினாறு. ஒரு நிமிஷம் அந்த மணலில் தனியாக நின்று நான் சிரித்தேன் மகனே. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உலகத்திலேயே பெரிய பணக்காரன்போல் சிரித்தேன்.

பிறகு வயர்லெஸ்ஸில் கோச்சின் குரல்: "எவ்வளவு, பாய்?"

நான் பந்தை எடுத்துக்கொண்டு வேலியை நோக்கிப் பத்து மீட்டர் நடந்தேன். மணலில் பந்தை வைத்துக் குதிகாலால் ஒரு பள்ளம் அழுத்தினேன். "நூற்றாறு" என்றேன்.

உன் மிச்ச நாலு பந்துகளும் வேலியைத் தாண்டவில்லை. நிகிலைத் தூக்கிக் கொண்டாடினார்கள். நீ அவன் கையைப் பிடித்துக் குலுக்கியதைப் பார்த்தேன். ராஜசேகர் என் தோளில் தட்டி, "கிரவுண்டை நல்லா வெச்சிருந்தீங்க பாய்" என்றார். அடுத்த வாரம் விசா வந்துவிட்டது.

எல்லாரும் போன பிறகு நான் தளவாட அறையில் வலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். டேப்பைக் காணவில்லை. சற்று நேரத்தில் நீ உள்ளே வந்தாய். டேப் உன் கையில் இருந்தது. வேலிக்கு வெளியே போய்ப் பார்த்திருக்கிறாய், உடைந்த மூடியைக் கண்டிருக்கிறாய். அங்கே நாம் இருவர் மட்டும்தான், வெளியே யாரும் இல்லை, வாப்பா என்று கூப்பிடத் தடை எதுவும் இல்லை. நீ டேப்பை மேசைமேல் வைத்துவிட்டு, "நூத்திப் பதினாறு, பாய்" என்றாய். அவ்வளவுதான். பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாய். வீட்டில் உம்மா ஆக்கி வைத்திருந்த நெய்ச்சோற்றைச் சாப்பிட்டாய். அதன்பின் பேஸ்பால் கட்டையைத் தொடவில்லை.

அந்த ஒரு நாளில் நான் வாங்கிய வாழ்க்கை எவ்வளவு நாள் நீடித்தது தெரியுமா? பதினான்கு மாதம். கிளப் வேறு கம்பெனியின் கைக்குப் போனது, எங்கள் எல்லாரையும் வேலையை விட்டு அனுப்பினார்கள். ராஜசேகர் அதற்கு முன்பே வேறு வேலைக்குப் போய்விட்டார், போகும்போது சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. நான் சத்வாவிலேயே ஓர் இரும்புச் சாமான் கடையில் சேர்ந்தேன், அந்த முதலாளி குடும்ப விசாவும் போட்டுக் கொடுத்தார். நீ சென்னைக் கல்லூரிக்குப் போனாய், அங்கிருந்து கனடாவுக்கு. ஒவ்வொரு பெருநாளுக்கும் போன் செய்வாய். "சாப்டீங்களா வாப்பா? உடம்பு எப்படி இருக்கு? உம்மாகிட்ட குடுங்க." உன் மரியாதையில் ஒருநாளும் குறை கண்டதில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போன மாதம் ஒரு முற்பகலில் ஒரு கிழவர் கடைக்கு வந்து, சாமான் கட்டக் கயிறும் ஒட்டுநாடாவும் கேட்டார். வாயில் விதை மென்றுகொண்டிருந்தார். நாட்டை விட்டே போகிறாராம், வீட்டைக் காலி செய்கிறாராம். நான் அவரை அடையாளம் கண்டுகொண்ட அதே நேரத்தில் அவரும் என்னைக் கண்டுகொண்டார். கையைப் பிடித்துக்கொண்டு, எடுத்த எடுப்பில் கேட்டது உன்னைத்தான்: "உங்கள் மகன் எப்படி இருக்கிறான்?"

"அவன் என் மகன் என்று உங்களுக்கு எப்போது தெரியும்?" என்றேன்.

"அந்தப் போட்டிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அந்த ஆறாவது பந்து போன வேகத்துக்கு அது நூற்றாறில் விழுந்திருக்க முடியாது என்று அவருக்கு அன்றே உறுத்தியதாம். அதற்குள் அணியில் இன்னொரு பையன் கையை ஒடித்துக்கொண்டு விலகிவிட, ஓர் இடம் காலியானதாம். உன்னைத் தேடி நம் வில்லா வாசலுக்கே வந்து, இடம் இருக்கிறது, வா என்றாராம். நீ மாட்டேன் என்றாயாம். "அந்த அளவு தப்பாக இருந்ததா? உண்மையைச் சொல், நான் கிளப்பில் பேசுகிறேன்" என்று கேட்டாராம். நீ சொன்னாயாம்: "அளந்தது என் அப்பா. சரியாகத்தான் அளந்தார்."

"அதற்குமேல் நான் கேட்கவில்லை" என்றார் கோச். கயிற்றுக்கும் நாடாவுக்கும் காசு கொடுத்துவிட்டுப் போனார். நான் அவரிடம் உண்மையைச் சொன்னேனா என்று நீ கேட்பாய். கல்லா முன்னால் ஆட்கள் நின்றார்கள். சொல்லவில்லை. இன்றைக்கும் நான் அப்படித்தான் இருக்கிறேன்.

அன்று வீட்டுக்குப் போய் முதல்முறையாக உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மணி கோத்துக்கொண்டிருந்தவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். நீங்கள் இருவரும் என்னோடு இருக்க வேண்டும் என்றுதான் செய்தேன் என்றேன்.

"யாரு கேட்டா இந்தத் துபாயை?" என்றாள். "ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருந்தா நானும் புள்ளையும் ஊருக்குப் போயிருப்போம்ல. கஞ்சியைக் குடிச்சுக்கிட்டு இருந்திருப்போம். ஒங்களுக்குப் பயம். அதுக்கு எங்க பேரை எழுதி வெச்சீங்க." நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "வேணாம். பதினாலு வருஷமா எம்புள்ள ஏன் இப்படி ஆயிட்டான்னு நான் தொழுகையில அழுதுக்கிட்டு இருந்தேன். பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க" என்றாள். அன்றிலிருந்து அவள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள். அது எனக்குப் பழக்கமான பேச்சுதான், உன்னிடமிருந்து கேட்டுப் பழகியது.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தத் தகுதி இல்லை, ஆனாலும் இரண்டு சொல்கிறேன். குடும்பத்துக்காக என்று நீ எதையாவது செய்யப்போகும்போது, அந்தக் குடும்பத்திடம் வாயைத் திறந்து கேள். கேட்கக் கூச்சமாக இருந்தால் அது குடும்பத்துக்கான காரியம் இல்லை, உனக்கானது. இன்னொன்று, பயத்துக்குப் பொறுப்பு என்று பெயர் வைக்காதே. நான் வைத்தேன். இந்த வளைகுடா முழுக்க, குவைத் ஃபர்வானியாவிலிருந்து இந்தச் சத்வா வரைக்கும், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு முதுகு வளைந்தவர்களை எனக்குத் தெரியும். நாங்கள் ஒருவருக்கொருவர் தியாகி என்று சொல்லிக்கொள்வோம். பிள்ளைகள் அதை நம்புவதில்லை.

இத்தனை வருஷம் நீ என்னை வெறுத்ததால்தான் வாய் திறக்கவில்லை என்று நினைத்து, அந்த வெறுப்பை ஒரு தண்டனையாக எடுத்துக்கொண்டு, அனுபவித்து முடித்துவிட்டேன் என்றுகூட எனக்கு நானே சொல்லி வந்தேன். இப்போதுதான் தெரிகிறது. நீ உண்மையைச் சொல்லியிருந்தால் என் வேலை அன்றே போயிருக்கும். பதினாறு வயதில், கையில் வந்த இடத்தை வேண்டாமென்று தள்ளி, நீ என் சோற்றைக் காப்பாற்றினாய். நான் உனக்குச் செய்யாததை நீ எனக்குச் செய்தாய். இதற்கு என்ன பதில் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டால் நீ உடனே, "விடுங்க வாப்பா, பழைய கதை" என்பாய். அதனால் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தின் முதல் பிரதியை மலருக்கு முன்னால் உனக்கு அனுப்புகிறேன். உனக்கு வரப்போகிற பெண்ணிடம் இதை முழுவதும் படித்துக் காட்டு. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று உம்மா சொன்னாள், நீ ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடு, எதையும் பூசி மெழுகாதே. என்னைப் பற்றி அவள் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல். அதன்பிறகும் நான் அங்கே வர வேண்டுமா என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால் உம்மா தனியாக வருவாள். அவளுக்கு விமானம் புதிதில்லை. நான் அவளை ஏர்போர்ட் வாசல் வரை கொண்டுவந்து விடுகிறேன்.

உன் வாப்பா